காமாக் கதிர் வெடிப்பும் முதல் விண்மீன்களின் கணக்கும்

பாத்திரக் கடைக்காரனுக்கு வானத்தில் என்ன வேலை என்று நம் சங்கத்து அன்பர்கள் கேட்பதுண்டு. பொழுது சாயுமுன் சாப்பாட்டை முடித்துவிடுகிற வீடு எங்களுடையது. அதற்கப்புறம் ராத்திரி முழுக்க மிச்சம்; படிக்க வேண்டியதுதானே!

பிரபஞ்சத்துக்கு வயது சுமார் 1380 கோடி ஆண்டுகள். முதல் நூறு கோடி ஆண்டுகளுக்குள் விண்மீன்கள் எந்தெந்த மண்டலங்களில் பிறந்தன என்பது பெரிய கேள்வி. தொலைநோக்கியில் பெரிய, பளிச்சென்ற மண்டலங்கள்தான் சுலபமாகத் தெரியும். கடைவீதியில் ஷோரூம்களை மட்டும் எண்ணிவிட்டு ஊர் வியாபாரமே இவ்வளவுதான் என்றால் சரியா? பெட்டிக்கடைகளை யார் எண்ணுவது?

இங்கேதான் காமாக் கதிர் வெடிப்பு கை கொடுக்கிறது. அணுகுண்டுச் சோதனையை வேவு பார்க்க அமெரிக்கா அனுப்பிய வேலா செயற்கைக்கோள்கள் 1967-ல் தற்செயலாகப் பிடித்தவை இவை. 1973-ல்தான் வெளியே சொன்னார்கள். 1997-ல் வெடிப்புக்குப் பின் மங்கி மறையும் ஒளியும் அகப்பட்டது, தூரம் அளக்க வழி பிறந்தது. இரண்டு வினாடிக்கு மேல் நீடிப்பவற்றில் பெரும்பாலானவை கனத்த விண்மீன்களின் சாவு. அந்த விண்மீன்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளே வாழ்பவை. ஆகவே சாவு தெரிகிற வீட்டில் பிரசவமும் அண்மையில்தான் நடந்திருக்கும். வீடு சிறியதானாலும் வெடிப்பின் ஒளி குறைவதில்லை.

2009 ஏப்ரல் 23-ல் ஸ்விப்ட் செயற்கைக்கோள் கண்ட வெடிப்பு, பிரபஞ்சத்துக்குச் சுமார் 63 கோடி வயதான காலத்தது. அது நிகழ்ந்த மண்டலத்தை ஹப்பிள் தேடியது, ஒன்றும் தெரியவில்லை. இதோடு சேர்த்து இத்தகைய ஆறு தொலைதூர வெடிப்புகளின் இடங்களைத் தேடியும் கிடைக்காத செய்தி 2012-ல் வெளியானது. கிடைக்காததுதான் சேதி! அக்கால விண்மீன்களில் பெரும்பகுதி, ஹப்பிளுக்கும் எட்டாத பெட்டிக்கடைகளில் பிறந்தவை.

இன்னொரு லாபமும் உண்டு. வெடிப்பின் ஒளி அந்த மண்டலத்து வாயுவைக் கடந்து வருகையில் நிறமாலையில் கருங்கோடுகள் விழுகின்றன. ஹைட்ரஜன், சிலிக்கன், கந்தகம், துத்தநாகம்கூட எவ்வளவு என்று கணக்கிடலாம். பித்தளையில் துத்தநாகம் எத்தனை பங்கு என்று ஆயுளெல்லாம் விசாரித்த எனக்கு இது படித்ததும் சிலிர்த்தது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். வெடிப்பை எண்ணினால் விண்மீனை எண்ணியதாகும் என்று சங்கக் கூட்டத்தில் ஒருமுறை அடித்துப் பேசிவிட்டேன். கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்து, "தாத்தா, தராசு நேரா இருக்கான்னு பாத்தீங்களா?" என்றான். வாயடைத்துப் போனேன். அவன் சொன்னது நியாயம். கன உலோகம் மிகுந்த விண்மீன், பலத்த காற்றாக எடையையும் சுழற்சியையும் இழந்துவிடும். வெடிப்பு உண்டாவது அரிது. உலோகம் குறைந்த மண்டலங்கள் பக்கமே தராசு சாய்கிறது. ஆதிகாலத்தில் எங்குமே உலோகம் குறைவு என்பதால் அங்கே பிழை சிறியது. பக்கத்துப் பிரபஞ்சத்தில் திருத்தம் போட்டே கணக்கெழுத வேண்டும். மாதிரியும் கொஞ்சம்தான்: மிகத் தொலைவில் நிகழ்ந்தவை விரல்விட்டு எண்ணத் தக்கவை.

2025 மார்ச் 14-ல் பிரெஞ்சு, சீனக் கூட்டுச் செயற்கைக்கோளான எஸ்வாம் இன்னொன்றைப் பிடித்தது. பிரபஞ்சத்துக்குச் சுமார் 73 கோடி வயதானபோது நிகழ்ந்தது. சில மாதம் பொறுத்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அங்கே திரும்பியது. செத்த விண்மீனின் சூப்பர்நோவா ஒளி, நம் அண்டையில் காண்பவற்றைப் போலவே இருந்தது. அதைப் பெற்ற மண்டலமும் இம்முறை அகப்பட்டது, மங்கலான ஒரு சிவப்புக் கறையாக.