தாமரைக்கு ஏரி மண்ணே போதும்

ஆரணி என்றால் பலருக்குப் பட்டுச் சேலைதான் நினைவுக்கு வரும். அரிசி மண்டிக்காரர்களைக் கேட்டால், ஆரணியையும் பக்கத்தில் இருக்கும் களம்பூரையும் பொன்னி அரிசியோடு சேர்த்தே சொல்வார்கள். அந்த அரிசியை விளைவிக்கும் ஏரிப்பாசனச் சேறு இன்னொரு வேலைக்கும் உகந்தது. முற்றத்திலோ மொட்டை மாடியிலோ தொட்டி வைத்துத் தாமரை, அல்லி வளர்க்க நினைப்பவர்களுக்கு அதைவிடப் பொருத்தமான மண் கடையில் கிடைக்காது.

ஆனால் புதிதாகத் தாமரைக் கிழங்கு வாங்குபவர்கள் பெரும்பாலும் கடைக்குத்தான் போகிறார்கள். ரோஜாவுக்கும் கத்தரிக்கும் கலக்கும் அதே கலவையைத் தொட்டியில் கொட்டுகிறார்கள்: செம்மண், தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம். தண்ணீர் விட்ட உடனே நார்க் கழிவு மேலே மிதக்கிறது. சில நாளில் தண்ணீர் டீ நிறத்துக்கு மாறி, பிறகு பச்சையாகிறது. அடியிலிருந்து குமிழி கிளம்பி அழுகிய முட்டை நாற்றம் வீசுகிறது. கிழங்கை எடுத்துப் பார்த்தால் கொழகொழவென்று அழுகியிருக்கும். உரம் போதவில்லையோ என்று இன்னொரு கை எருவைப் போட்டால் நிலைமை மேலும் மோசமாகும்.

காரணம் காற்றில் இருக்கிறது. நிலத்துச் செடியின் வேர், மண்ணின் இடுக்கில் இருக்கும் காற்றைச் சுவாசிக்கிறது. அதனால்தான் தொட்டிச் செடிக்குப் பொலபொலவென்ற கலவை வேண்டியிருக்கிறது. நீருக்கடியில் இருக்கும் மண்ணிலோ ஓரிரு நாளில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். அங்கே மட்காத எருவும் இலைதழையும் இருந்தால், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அவற்றைப் புளிக்கவைத்து மீத்தேனையும் ஹைட்ரஜன் சல்ஃபைடையும் உண்டாக்கும். அந்த நாற்றம் இதனால் வருவதுதான்.

அப்படியானால் சேற்றிலேயே கிடக்கும் தாமரை எப்படிப் பிழைக்கிறது? ஒரு தாமரைத் தண்டை ஒடித்துப் பார்த்தால் விடை தெரியும். முறிந்த இரண்டு துண்டுக்கும் நடுவே சிலந்தி இழைபோல மெல்லிய நூல்கள் நீளும். மியான்மரின் இன்லே ஏரிப் பகுதியில் இந்த இழைகளைத் திரித்துத் துணியே நெய்கிறார்கள் என்பது நெசவு ஊர்க்காரர்களுக்குப் பிடித்த செய்தியாக இருக்கும். தண்டின் வெட்டு முகத்தில் வட்டமாக அமைந்த துளைகளும் தெரியும். இலை வாங்கும் காற்று இந்தத் துளைகள் வழியாகத்தான் கிழங்குக்கு இறங்குகிறது. ஆய்வாளர் ஜான் டேசி 1980இல், மஞ்சள் அல்லி வகை ஒன்றில் இதை நிறுவிக் காட்டினார். வெயிலில் சூடேறும் இளம் இலைகள் காற்றைக் கீழே தள்ளுகின்றன. அது கிழங்கைச் சுற்றி வந்து முதிர்ந்த இலைகள் வழியாக வெளியேறுகிறது. நெற்பயிரின் தண்டிலும் வேரிலும் இப்படிப்பட்ட காற்றறைகள் உண்டு.

செடி தன் காற்றைத் தானே கொண்டுவருவதால் மண்ணுக்கு மிஞ்சுவது இரண்டே வேலை. கிழங்கைப் பிடித்து நிறுத்த வேண்டும். சத்தைத் தண்ணீரில் கரைய விடாமல் வைத்திருக்க வேண்டும். இரண்டையும் களிமண் செய்கிறது. 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய அதன் துகள்கள் எதிர்மின்னேற்றம் உள்ளவை. அமோனியம், பொட்டாசியம், கால்சியம் போன்ற சத்துகளை அவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். சேற்றில் நிற்கும் சத்து செடிக்குப் போகும். தண்ணீரில் கரையும் சத்து பாசிக்குப் போகும்.

ஆரணி இருக்கும் திருவண்ணாமலை மாவட்டத்தில் செம்மண் நிலம் அதிகம். மழைநீர் அந்த மண்ணின் நுண்ணிய பகுதியை அரித்துக்கொண்டுபோய் ஏரியில் படியவைக்கிறது. அதுதான் வண்டல். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்று ஏரி வண்டலை இலவசமாக எடுக்கலாம் என்று 2024இல் தமிழக அரசு நடைமுறையை எளிதாக்கியது. வீட்டுத் தொட்டிக்காக யாரும் ஏரியில் மண்வெட்டி வைக்க வேண்டியதில்லை. வயலுக்கு வண்டல் அடித்த விவசாயியிடமோ, பானை செய்பவரிடமோ ஒரு மூட்டை கேட்டு வாங்கினால் போதும். நெல் வயல் மண்ணும் நல்லதே. ஆனால் அண்மையில் களைக்கொல்லி தெளித்த வயலைத் தவிர்க்க வேண்டும்.

பட்டு ஊரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பட்டு நூலின் பசையை நீக்க சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைப்பது வழக்கம். அதன்பின் சாயம் ஏறும். அந்தக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் எந்த ஊரில் இருந்தாலும், அதன் மண்ணைத் தொட்டிக்கு எடுக்கக் கூடாது. காரமும் சாயமும் அதில் தங்கியிருக்கும்.

கிடைத்த மண் தேறுமா என்று பார்க்க இரண்டு சோதனைகள் போதும். ஈரமாகப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நசுக்கி நாடாவாகத் தள்ள வேண்டும். ஐந்து சென்டிமீட்டர் வரை முறியாமல் நீண்டால் அதில் களி நிறைய இருக்கிறது. அடுத்தது பாட்டில் சோதனை. கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடத்தில் அடியில் இறங்கும்; வண்டல் சில மணி நேரத்தில் படியும்; களி படிய ஒரு நாளுக்கு மேலாகும். அடுக்குகளின் உயரத்தைப் பார்த்தாலே கலவை விளங்கிவிடும். பாதிக்கு மேல் மணல் இருந்தால் களிமண் சேர்க்க வேண்டும். நாடா இறுகிய கட்டியாக இருந்தால் கொஞ்சம் ஆற்று மணல் கலக்கலாம்.

பிறகு மண்ணை வெயிலில் நன்றாகக் காயவைத்து, கட்டியை உடைத்துச் சலிக்க வேண்டும். கோரைக் கிழங்கையும் வேர்களையும் பொறுக்கி எடுத்துவிடுவது முக்கியம். ஏரி மண்ணில் விதைகள் நெடுங்காலம் உறங்கும். சீனாவின் லியாவோனிங் மாகாணத்தில், வறண்ட ஏரிப் படுகையில் கிடைத்த தாமரை விதை ஒன்று சுமார் 1,300 ஆண்டுகள் பழமையானது. அது முளைத்ததை ஜேன் ஷென்-மில்லர் குழுவினர் 1995இல் வெளியிட்டார்கள். அப்படியிருக்கக் கோரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

தாமரைக்கு அடியில் ஓட்டையில்லாத வட்டத் தொட்டி வேண்டும். சதுரத் தொட்டியில் ஓடும் கிழங்கின் நுனி மூலையில் முட்டி நின்றுவிடும். அடியில் நன்றாக மட்கிய தொழு உரம் இரண்டு கைப்பிடி, எலும்புத் தூள் ஒரு கைப்பிடி. அதற்கு மேல் நான்கிலிருந்து ஆறு அங்குலத்துக்குக் குழைத்த களிமண். உரம் மண்ணுக்குக் கீழே அடங்கியிருக்க வேண்டும் என்பதே இங்கே விதி. கிழங்கைப் படுக்கவைத்து லேசாக மண் மூடி, முளை நுனியை மட்டும் மேலே விட வேண்டும். அந்த நுனி முறிந்தால் அந்த வளர்ச்சி அதோடு நின்றுவிடும். அல்லிக்குக் குருத்து மண் மட்டத்துக்கு மேல் தெரிந்தால் போதும். மேலே ஒரு அங்குலம் கூழாங்கல் பரப்பினால் மீன்கள் சேற்றைக் கிளறாது. கொசு வராமலிருக்க மீன் அவசியம். நாலைந்து கப்பி மீன் போதும்.

புதுச் சிமென்ட் தொட்டியாக இருந்தால் நடுவதற்கு முன் தண்ணீரைப் பலமுறை மாற்றிச் சுண்ணாம்புக் காரத்தைப் போக்க வேண்டும். முதலில் சேற்றுக்கு மேல் இரண்டு மூன்று அங்குலம் தண்ணீர் போதும். காசு போல மிதக்கும் முதல் இலைகள் வந்து, நீருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் இலை தோன்றிய பிறகுதான் அடுத்த உரம். வேப்பம்புண்ணாக்கையும் எலும்புத் தூளையும் களிமண் உருண்டைக்குள் வைத்து, கிழங்கைத் தொடாமல் தொட்டியின் ஓரமாகச் சேற்றில் அழுத்தலாம். ஆண்டுக்கு ஒருமுறை, மாசி வாக்கில் வெயில் ஏறும்போது கிழங்கைப் பிரித்து நட்டுப் புது மண் போட வேண்டும். எடுத்த பழைய சேற்றைக் காயவைத்து மல்லிகைக்கும் வாழைக்கும் அடியில் போட்டால், அதில் மிஞ்சிய சத்து வீணாகாது.