மாரியிற் படகுக்கு ஓர் உறைவிடம்

கோடையில் மத்தியதரைக் கடலிற் பாய்ப்படகோட்டி மகிழும் வட ஐரோப்பியர் பலர், மாரி பிறக்குமுன் படகை அங்கேயே விட்டுத் தாயகம் திரும்புகின்றனர். எந்த இடத்தில் விடுவது? வாடகை மலிவை மட்டும் நோக்கினாற் போதாது.

2018 ஒக்டோபர் 29ஆம் நாள் எழுந்த புயலில், இத்தாலியின் ராப்பல்லோத் துறைமுகத்து அலைதடுப்புச் சுவர் உடைந்தது. அதனை நம்பிக் கட்டியிருந்த நூற்றுக்கணக்கான படகுகள் சிதைந்தன.

ஆதலின், கிரேக்க நாட்டுப் பிரேவேசாவின் எதிர்க்கரையிலுள்ள அக்தியோவிற் போல, பாரந்தூக்கியாற் படகைக் கரையேற்றி, முட்டுக்கொடுத்து நிறுத்தும் இடமே மேலென்று கருதுகின்றோம். அங்கும் காற்றுக்கு இரையாகாதபடி பாய்களைக் கழற்றிவிடல் வேண்டும். இயந்திரத்திலே தங்கிய உப்புநீரை நன்னீரால் அலசிவிடல் வேண்டும்.

வாடகையைக் கேட்குமுன் வேறொன்றைக் கேட்டறிதல் நன்று: சொந்தக்காரர் இல்லாத இரவிற் புயலடித்தால், முட்டுகளைச் சென்று பார்ப்பவர் யார்?