சென்னை நகரம் பெருகியது எவ்வாறு?

பொம்மையார்பாளையத்தில் வலையில் மீன் படாத நாட்களிலும், மழை பொய்த்து மானாவாரிப் பயிர் காய்ந்த ஆண்டுகளிலும், 'பட்டணம் போய்ப் பார்க்கலாம்' என்ற பேச்சு எழுவது இயல்பு. அந்தப் பட்டணத்தில் இத்தனை ஜனங்கள் திரண்டது எவ்வாறு? ஆலைகள் தோன்றின, ஆட்கள் சேர்ந்தனர் என்று சொல்லிவிடலாம். ஆயினும் ஜனத்தொகைக் கணக்கு அவ்வளவு எளிதாக இதற்கு உடன்படவில்லை.

1856-இல் இராயபுரத்திலிருந்து ரயில் புறப்பட்டது. பெரம்பூர்ப் பகுதியில் பக்கிங்ஹாம் ஆலை 1876-லும், கர்னாடிக் ஆலை 1881-லும் நிறுவப்பட்டன. இடையே 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் வாட்டியது. மாடு மடிந்து, விதைநெல்லும் தீர்ந்த குடியானவர்கள் நகரை நோக்கி நடந்தனர். கூலியும் கஞ்சியும் அங்கேதான் கிடைக்கும் என்று நம்பினர். இவ்வளவு நேர்ந்தும், 1871-இல் 3,97,552 ஆக இருந்த சென்னையின் ஜனத்தொகை, 1881-இல் 4,05,848 மட்டுமே!

வந்தவர்களில் பலர், மழை பெய்ததும் ஊர் திரும்பினர். மற்றொரு காரணம் துயரமானது. நெருக்கமான சேரிகளில் வாந்திபேதியும் அம்மையும் ஏராளமானோரைக் கொண்டுபோயின. 1872 முதல் செங்குன்றம் ஏரி நீர் நகருக்கு வந்தது உண்மையே. ஆனால் அது திறந்த கால்வாயில் ஓடி, வடிகட்டப்படாமலே குழாய்களில் புகுந்தது. கிராமம் அனுப்பிய மக்களை நகரம் காப்பாற்ற இயலவில்லை.

1901-இல் 5,09,346 ஆக இருந்த தொகை 1921-இல் 5,26,911. இருபது ஆண்டுகளில் பதினெட்டாயிரம் பேர்கூடக் கூடவில்லை. 1918-இன் விஷக்காய்ச்சலும் இக்காலத்தில் சேர்ந்ததே. இதற்கிடையில், 1914-இல் கீழ்ப்பாக்கத்தில் மணல்வடிகட்டிகளுடன் கூடிய நீரேற்று நிலையம் செயற்படத் தொடங்கியது. சாக்கடைத் திட்டமும் படிப்படியாக விரிந்தது. தனியே வந்து உழைத்தவன், மனைவி மக்களை அழைத்து வந்து குடியிருக்கத் துணிவதற்கு, கூலியைப் போலவே குடிநீரும் அவசியமன்றோ? தொகை 1931-இல் 6,47,230 ஆகவும், 1941-இல் 7,77,481 ஆகவும் உயர்ந்தது.

1951-இல் 14,16,056 என்று காண்பது வியப்பூட்டும். யுத்தகால வேலைவாய்ப்பு அதற்கு ஒரு காரணம். ஆனால் 1946-இல் சைதாப்பேட்டை முதலிய சுற்றுப்புறங்கள் நகரோடு இணைக்கப்பட்டதையும் மறக்கலாகாது. அங்கிருந்த மக்கள் வீட்டை விட்டு நகராமலே நகரவாசிகளாயினர்!

பெரம்பூர் ஆலைகள் 1996-இல் மூடப்பட்டன. ஆலை போயிற்று, நகரம் குறையவில்லை. 1991-இல் 38 லட்சமாக இருந்த சென்னை மாநகரின் ஜனத்தொகை, 2001-இல் 43 லட்சமாயிற்று.