கார்டில் களவு போன பணத்தைப் பாங்கிலிருந்து மீட்பது எப்படி?



களத்துமேட்டில் நெல் குவிந்து கிடந்தால் ராத்திரி கட்டிலைப் போட்டுக் காவல் காக்கிறோம். அந்த நெல்லை விற்ற பணம் பாங்குக் கணக்கில் ஏறிவிட்டால் இனிப் பயமில்லை என்று நிம்மதியாகத் தூங்குகிறோம். ஆனால் அந்தக் கணக்கிலும் கை வைக்கிறவர்கள் இருக்கிறார்கள். கார்டு உங்கள் மடியில் இருக்கும். பணம் எங்கோ ஓர் ஊரில் எடுக்கப்பட்டிருக்கும். அப்படிப் போன பணம் திரும்பி வருமா? வரும். ஆனால் எல்லோருக்கும் வராது. யாருக்கு வரும், அதற்கு என்ன செய்ய வேணும் என்பதை இன்றைக்குப் பார்ப்போம்.

முதலில், பணம் எப்படிப் போகிறது? பெரும்பாலும் மூன்று வழிகள். கார்டில் உள்ள விவரங்களைத் திருடி, நமக்குத் தெரியாமலேயே பணம் எடுப்பது ஒன்று. "பாங்க் மேனேஜர் பேசுறேன், உங்க கார்டு காலாவதி ஆயிடுச்சு" என்று போனில் பேசி, கார்டு எண்ணையும், போனுக்கு வரும் ஓ.டி.பி. எண்ணையும் கேட்டு வாங்குவது இரண்டாவது. மூன்றாவது, ஏ.டி.எம். வாசலில் நடப்பது. "பெரியவரே, நான் எடுத்துத் தரட்டுமா?" என்று ஒருவன் வருவான். உங்கள் பின் நம்பரைப் பார்த்துக் கொள்வான். "மிஷின்ல பணமில்லை" என்று சொல்லி, அதே மாதிரி வேறு ஒரு கார்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவான். வீட்டுக்கு வந்து பார்த்தால் கார்டில் யாருடைய பேரோ இருக்கும்.

எந்த வழியாகப் போனாலும் முதல் வேலை ஒன்றுதான். வாய்க்கால் கரை உடைந்து தண்ணீர் போகும்போது, யார் உடைத்தது என்று பஞ்சாயத்துக் கூட்டிக்கொண்டு நிற்கிறோமா? முதலில் மதகை அடைக்கிறோம். இங்கேயும் அப்படித்தான். பாங்குக்குப் போன் போட்டுக் கார்டை நிறுத்தச் சொல்லுங்கள். ராத்திரியானாலும் ஞாயிற்றுக்கிழமையானாலும் இதற்கு ஆள் உண்டு.

"விடிஞ்சதும் போய்ச் சொல்லிக்கலாமே" என்று இருந்துவிடாதீர்கள். ஏ.டி.எம்.மில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் எடுக்கலாம் என்று வரம்பு உண்டு. இது திருடனுக்கும் தெரியும். ராத்திரி 12 மணிக்கு முன்னால் ஒரு தடவை, 12 மணிக்குப் பின்னால் ஒரு தடவை எடுப்பான். நீங்கள் 10 மணிக்கே சொல்லிவிட்டால் இரண்டாவது தொகை தப்பும்.

பாங்கின் போன் நம்பர் கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். கார்டே போய்விட்டால் நம்பருக்கு எங்கே போவது? ஆகவே இன்றைக்கே அதைப் பாஸ் புத்தகத்தில் எழுதி வையுங்கள். பாங்கில் சொன்னதும் ஒரு புகார் எண் தருவார்கள். அதையும், நீங்கள் பேசிய தேதி, நேரத்தையும் குறித்துக் கொள்ளுங்கள். அடுத்து 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது பண மோசடிக்கென்று அரசு வைத்திருக்கிற எண். பணம் திருடனின் கணக்கிலேயே இன்னும் கிடந்தால், அதை அங்கேயே முடக்கி வைக்க வழியுண்டு. அவன் எடுத்துவிட்டால் முடக்க ஒன்றுமிருக்காது.

இனி சட்டத்துக்கு வருவோம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி ரிசர்வ் பாங்க் எல்லா வணிக பாங்குகளுக்கும், கிராம பாங்குகளுக்கும் ஒரு கட்டளை அனுப்பியது. அதே ஆண்டு டிசம்பர் 14-ஆம் தேதி கூட்டுறவு பாங்குகளுக்கும் அதே மாதிரி ஒன்று போயிற்று. அவை சொல்வது இதுதான்.

தப்பு பாங்கினுடையது என்றால் முழு நஷ்டமும் பாங்கையே சேரும். தப்பு பாங்கினுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை, நடுவில் எவனோ திருடியிருக்கிறான் என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் நீங்கள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் உங்களுக்கு ஒரு ரூபாய் கூட நஷ்டமில்லை. தகவல் வந்த நாளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாங்கு விடுமுறையையும் சேர்ப்பதில்லை. வெள்ளிக்கிழமை தகவல் வருகிறது, மறுநாள் இரண்டாம் சனி என்று வைத்துக் கொள்ளுங்கள். திங்கள் முதல் நாள், புதன்கிழமை மூன்றாம் நாள்.

4 முதல் 7 வேலை நாட்களுக்குள் சொன்னால் ஒரு பகுதியை நீங்கள் ஏற்க வேண்டும். ஜன்தன் போன்ற அடிப்படைக் கணக்கானால் அதிகபட்சம் 5,000 ரூபாய். சாதாரணச் சேமிப்புக் கணக்கானால் 10,000 ரூபாய். அதாவது 30,000 ரூபாய் போயிருந்தால், ஜன்தன் கணக்குக்காரருக்கு 25,000-மும் மற்றவருக்கு 20,000-மும் திரும்ப வரும். 7 நாளும் தாண்டினால் அந்தந்த பாங்கு வைத்திருக்கும் விதிப்படிதான். இவை 2017 கட்டளையின் கணக்கு. இப்படிப்பட்ட விதிகளை அவ்வப்போது திருத்துவார்கள். அதனால் கிளையில் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

"நானே ஓ.டி.பி.யைச் சொல்லிட்டேனே, எனக்கு என்ன வழி?" என்று நீங்கள் கேட்கலாம். மறைக்காமல் சொல்கிறேன். நம் கவனக்குறைவால் போனது, பாங்குக்குச் சொல்லும் வரை நம் நஷ்டம்தான். ஆனால் சொன்ன பிறகு போகிற ஒவ்வொரு ரூபாய்க்கும் பாங்கு பொறுப்பு. ஆகவே வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்கக் கூடாது. பொய்யும் எழுதக் கூடாது. ஓ.டி.பி. போட்டு எடுத்திருந்தால் பாங்கின் பதிவில் அது இருக்கும். அதே சமயம், தப்பு உங்களுடையதுதான் என்று பாங்கு சொன்னால், அதை நிரூபிக்க வேண்டியதும் பாங்குதான்.

போனில் சொன்னதோடு விடாமல் கிளைக்குப் போய் எழுத்திலும் கொடுங்கள். கணக்கு எண், கார்டின் கடைசி 4 எண்கள், பணம் போன தேதி, நேரம், தொகை எழுதுங்கள். அந்த நேரத்தில் நீங்கள் எங்கே இருந்தீர்கள், கார்டு யாரிடம் இருந்தது என்பதையும் எழுதுங்கள். ஏ.டி.எம்.மில் எடுத்திருந்தால், காமிராப் பதிவைப் பத்திரப்படுத்தச் சொல்லி ஒரு வரி சேருங்கள். அந்தப் பதிவைக் கொஞ்ச நாள்தான் வைத்திருப்பார்கள். பின் நம்பரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் சீலும் தேதியும் போட்டு வாங்கிக் கொள்ளுங்கள். போலீசில் புகார் கொடுத்து ரசீதும் வாங்குங்கள். ஏமாற்றி மாற்றிக் கொடுத்த கார்டைத் தூக்கி எறிய வேண்டாம், அதுவும் ஒரு சாட்சி.

அந்தக் கட்டளைப்படி, நீங்கள் சொன்ன 10 வேலை நாட்களுக்குள் பாங்கு அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். இது தற்காலிக வரவு. விசாரணை முடிந்துதான் உறுதியாகும். 90 நாட்களுக்குள் முடிக்க வேண்டும்.

பாங்கு 30 நாளாகியும் பதில் சொல்லாவிட்டால், அல்லது சொன்ன பதில் திருப்தியில்லாவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, தமிழிலேயே எழுதலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. "பணத்தை மீட்டுத் தர்றோம், முதல்ல இவ்வளவு கட்டுங்க" என்று யாராவது வந்தால் நம்பாதீர்கள். அது இரண்டாவது மோசடி.

கடைசியாக ஒன்று. பணம் எடுத்தால் வருகிற தகவல் யார் போனுக்குப் போகிறது? பல வீடுகளில், வெளியூரில் வேலை பார்க்கும் மகனின் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அவர் பார்த்து, நமக்குச் சொல்லி, நாம் பாங்குக்குப் போவதற்குள் நாள் ஓடிவிடும். நாளைக்கே கிளைக்குப் போய் உங்கள் சொந்த நம்பரைப் பதிவு செய்யுங்கள். தகவல் வந்தால் உடனே படிக்க, படிக்கிற பேரப்பிள்ளையைப் பழக்கி வையுங்கள்.

நாள் பார்த்து விதைக்கத் தெரிந்த நமக்கு இந்த 3 நாள் கணக்கு பெரிய காரியமில்லை.