மல்லிகை எண்ணெய்: சீசாவுக்குள் இருப்பது பூவா?

சங்கரன்கோவில் பூச்சந்தை. விடிந்து வெகு நேரம் ஆகவில்லை. அதற்குள் மூட்டை மூட்டையாக மல்லிகை வந்து குவிகிறது. எடை போடுகிறார்கள். விலை கூவுகிறார்கள். பூ வெளியூருக்குப் புறப்படுகிறது. இந்த ஊர் முன்பு திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. 2019 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது.

அங்கிருந்து தெற்கே வந்தால் தாமிரபரணிக் கரை. பாபநாசம் முதல் ஸ்ரீவைகுண்டம் வரை, பெண்களுக்கு மல்லிகையும் பிச்சியும் இல்லாமல் தலை நிறையாது. எண்ணெய்க் குளியலும் அப்படித்தான். செவ்வாயும் வெள்ளியும் பெண்களுக்கு. புதனும் சனியும் ஆண்களுக்கு. பூவையும் எண்ணெயையும் ஒன்றாக்கி, "மல்லிகை எண்ணெய்" என்று சீசாவில் விற்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்?

ஆனால் அந்தச் சீசாவுக்குள் மல்லிகை எவ்வளவு இருக்கிறது?

1,000 கிலோ பூ வேண்டும்!

மற்றப் பூக்களைப் போல மல்லிகையைக் கொதிக்க வைத்து மணம் எடுக்க முடியாது. சூடு பட்டால் அதன் மணம் கெட்டுவிடும். இன்னொரு விசித்திரமும் உண்டு. பறித்த பிறகும் மல்லிகை மணத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கும். மாலையில் மொட்டு விரியும்போதுதான் மணம் பெருகும். காலையில் வாங்கிய சரம் இரவில் வீடு முழுவதும் மணப்பது இதனால்தான்.

இந்த இரகசியத்தை முன்னோர் அறிந்திருந்தார்கள். வடநாட்டில் ஜான்பூர், காஜிபூர் பக்கத்தில் எள்ளைப் பரப்பி, அதன்மேல் மல்லிகையைப் பரப்புவார்கள். இரவெல்லாம் எள் மணத்தைக் குடிக்கும். மறுநாள் வாடிய பூவை நீக்கிப் புதுப்பூ போடுவார்கள். பல நாள் இப்படிச் செய்து, பிறகு எள்ளைச் செக்கில் ஆட்டுவார்கள். பிரான்ஸ் நாட்டில் கிராஸ் என்ற ஊரில் எள்ளுக்குப் பதிலாகக் கொழுப்பு. கண்ணாடித் தட்டில் கொழுப்பைத் தடவி அதன்மேல் பூவை வைத்தார்கள். ஊர் வேறு, யோசனை ஒன்றுதான்!

இன்று தமிழ்நாட்டில் மதுரை, கோவை, சத்தியமங்கலம் பக்கங்களில் மல்லிகை ஆலைகள் இருக்கின்றன. ஹெக்சேன் என்ற திரவத்தில் பூவை ஊறவைத்து, பிறகு அந்தத் திரவத்தைப் பிரித்து எடுத்துவிடுவார்கள். மெழுகு போன்ற பொருள் மிஞ்சும். இதற்குத் தொழிலில் "கான்கிரீட்" என்று பெயர். வீடு கட்டும் கான்கிரீட் அல்ல!

1,000 கிலோ மல்லிகை போட்டால் சுமார் 2 கிலோ மெழுகு கிடைக்கும். அதிலிருந்து மெழுகை நீக்கினால் ஏறக்குறைய 1 கிலோ சுத்தமான மல்லிகைத் தைலம். பூ கிலோ 200 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், பூவுக்கு மட்டுமே 2 லட்சம் ரூபாய் ஆகிவிடுகிறது.

அப்படியானால் கடையில் சில பத்து ரூபாய்க்கு விற்கும் சீசாவில் இருப்பது என்ன? சீட்டைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் "மினரல் ஆயில்" என்றோ "லிக்விட் பாரபின்" என்றோ பொடி எழுத்தில் இருக்கும். அது பெட்ரோலியத்திலிருந்து கிடைப்பது. மணம், ரசாயனத்தில் செய்த வாசனை. விஷம் அல்ல, முடி பளபளக்கும், பிசுக்கும் இராது. ஆனால் அது முடியின் மேலேயே நின்றுவிடும். தேங்காய் எண்ணெயோ முடிக்குள் இறங்கி, முடி நைந்து போவதைக் குறைக்கும்.

வீட்டிலேயே செய்யலாம்

அரைப்படி பூவும் ஒரு சீசா எண்ணெயும் போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, செக்கில் ஆட்டியதாக இருந்தால் நல்லது. விரியும் நிலையில் உள்ள மொட்டுகளை மாலையில் வாங்குங்கள். காம்பை நீக்கி, துணியில் பரப்பி, ஈரத்தை உலர்த்துங்கள். வாயகன்ற சாடியில் எண்ணெய் ஊற்றி, பூவைப் போட்டு மூடி, நிழலில் வையுங்கள்.

மறுநாள் பூவை வடிகட்டிவிட்டுப் புதுப்பூ போடுங்கள். ஏழெட்டு நாள் இப்படிச் செய்தால் எண்ணெய் மணக்கும். அடுப்பில் வைக்கக் கூடாது. வைத்தால் சமையலறை மணக்கும். எண்ணெயில் மணம் இராது! கடைசியில் ஒரு நாள் அசையாமல் வைத்துத் தெளிந்ததை மட்டும் எடுங்கள். அடியில் தங்கும் நீர் சேர்ந்தால் எண்ணெய் கெட்டுவிடும். கொஞ்சமாகச் செய்து ஒரு மாதத்துக்குள் தீர்ப்பது நல்லது.

இதனால் வழுக்கையில் முடி முளைக்காது. அப்படிச் சொல்லி விற்பவரை நம்ப வேண்டாம். காய்ந்த முடி மிருதுவாகும். சிக்கு எளிதில் பிரியும். வெடித்த குதிகால் இளகும். மனத்துக்கும் இதம் உண்டு. மல்லிகைத் தேநீரின் மெல்லிய மணத்தை நுகர்ந்தவர்களின் இதயத் துடிப்பு குறைந்ததாக, 2005-ல் வெளியான ஜப்பானிய ஆய்வு ஒன்று கூறுகிறது. மெல்லிய மணம் என்பதைக் கவனியுங்கள். மூடிய அறையில் கூடை கூடையாகப் பூ வைத்தால் சிலருக்குத் தலைவலிதான் மிச்சம்.

கடையில் வாங்கும் சுத்தத் தைலத்தை அப்படியே தோலில் தடவக் கூடாது. சிலருக்கு அரிப்பும் தடிப்பும் வரும். ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயில் ஒரு சொட்டு போதும். முதலில் முழங்கையின் உட்புறம் தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். குழந்தைக்குத் தடவ வேண்டாம்.

பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு

குழந்தை பால்குடி மறக்கவேண்டிய சமயத்திலோ, பிள்ளையை இழந்த தாய்க்குப் பால் கட்டிக்கொண்டாலோ, மார்பில் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டுவது நம் பாட்டிமார் வைத்தியம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில பெண்களுக்கு மாத்திரை. சில பெண்களுக்கு மார்பில் மல்லிகை. 1988-ல் முடிவு வெளியாயிற்று. பால் கட்டிய வலியும் வீக்கமும் குறைவதிலும், பால் வற்றுவதிலும், பூ மாத்திரைக்குச் சமமாக நின்றது! பால் சுரக்கச் செய்யும் சத்தும் இரத்தத்தில் குறைந்திருந்தது. மாத்திரையில் சற்று அதிகமாகக் குறைந்தது.

பாட்டிமார் சொன்னது வீண் பேச்சு அல்ல. ஆனால் இதற்கு மறுபக்கமும் உண்டு. கைக்குழந்தைக்குப் பால் தேவைப்படும் தாய், மார்பில் மல்லிகைப் பூவையோ தைலத்தையோ வைக்காமல் இருப்பதே நல்லது. தலையில் ஒரு முழம் சூடிக்கொள்வது வேறு. மார்பில் வைத்துக் கட்டுவது வேறு. பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் போக வேண்டும்.

எண்ணெய் செய்யப் பங்குனியும் சித்திரையும் ஏற்ற மாதங்கள். வெயில் ஏற ஏற மல்லிகை மலியும், விலை விழும். பூ வைத்திருப்பவர் எடுத்த கூலிகூடக் கிடைக்காமல் தவிக்கும் நாட்கள் அவை. மார்கழியிலும் தையிலும் பனி விழுந்து மொட்டு குறையும். கிலோ ஆயிரக்கணக்கில் ஏறும். அப்போது பூவைத் தலையில் வைப்பதே பெரிது. சித்திரையில் சந்தைக்குப் போகிறவர்கள் கால் கிலோ கூடுதலாக வாங்கி, ஒரு சாடி ஊறப்போடலாம்.