தராசில் தெரியாத வளர்ச்சி

இலங்கையில் ஒரு குழந்தை பிறந்து சில தினங்களுக்குள் குடும்பநல மருத்துவமாது அவ்வீட்டைத் தேடிச் செல்கிறார். இலவச சுகாதார சேவை எமக்குத் தந்த பேறுகளுள் இதுவும் ஒன்றாகும். பின்னர் கிளினிக்கில் நிறை பார்க்கப்படுகிறது, தடுப்பூசி ஏற்றப்படுகிறது, சிறுவர் சுகாதார அபிவிருத்திப் பதிவேட்டில் வளர்ச்சிக்கோடு வரையப்படுகிறது. கோடு சற்றுத் தாழ்ந்துவிட்டால் தாயின் முகம் வாடிவிடும். ஆனால் சிரித்தல், ஒலியெழுப்புதல், பேசுதல் போன்ற படிநிலைகளைக் கவனிப்பதற்கும் அதே பதிவேட்டில் இடமுண்டு. அப்பக்கங்களைப் புரட்டிப் பார்க்கும் பெற்றோர் எத்தனை பேர் என்பதே எமது கேள்வி.

மூன்று வயதை எட்டும்போது குழந்தையின் மூளை, வளர்ந்தோரின் மூளையளவில் ஏறத்தாழ 80 வீதத்தை அடைந்துவிடுகிறது. அம்மூளைக்கு உணவு வேண்டும். அதேயளவிற்குப் பேச்சும் வேண்டும். குழந்தை 'ங்கா' என்றால் பதிலுக்கு ஒரு முகம் மலர வேண்டும். அது விரல் நீட்டிய பொருளின் பெயரை யாரேனும் சொல்ல வேண்டும். விடை கிடைக்காத குழந்தை மெல்ல மெல்லக் கேட்பதையே நிறுத்திவிடுகிறது.

இது வெறும் ஊகமன்று. ஜமெய்க்காவின் தலைநகரான கிங்ஸ்டனில், 1986-87 காலப்பகுதியில், வறிய குடும்பங்களைச் சேர்ந்த வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு ஆரம்பிக்கப்பட்டது. அவர்களின் வயது 9 முதல் 24 மாதங்கள். ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதார ஊழியர்கள் வாரந்தோறும் ஒரு மணிநேரம் சென்று, வீட்டில் கழிக்கப்படும் பொருட்களால் செய்த விளையாட்டுப் பொருட்களைக் கொண்டு குழந்தையுடன் விளையாடவும் பேசவும் தாய்க்குக் கற்றுக்கொடுத்தனர். இது இரண்டு வருடங்கள் நீடித்தது. இன்னொரு பகுதியினருக்குப் போஷாக்கு உணவு மட்டுமே வழங்கப்பட்டது. ஏறத்தாழ இருபது வருடங்களின் பின்னர் அவர்களைத் தேடிச்சென்று பார்த்தபோது, விளையாட்டும் பேச்சும் கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களை விட 25 வீதம் கூடுதலாகச் சம்பாதித்தனர். உணவு மட்டும் பெற்றோரிடம் அத்தகைய நீடித்த பயன் காணப்படவில்லை. இம்முடிவு 2014 இல் வெளியாயிற்று. உணவு வேண்டாம் என்பதல்ல இதன் பொருள். உணவோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதேயாகும்.

எமது நாட்டில் இது எங்கே மிகவும் தேவைப்படுகிறது? 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளைகளில் வயதிற்கேற்ற உயரம் இல்லாதோர் தேசிய மட்டத்தில் 17 வீதம்; பெருந்தோட்டத்துறையில் 32 வீதம். கொழுந்தெடுக்கச் செல்லும் தாய் குழந்தையை விட்டுச் செல்வது பிள்ளை மடுவத்தில். பெயர் இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையமென மாறியிருக்கலாம். உள்ளே குழந்தைகள் பராமரிக்கப்படுவதோடு பேச்சும் கதையும் பாட்டும் கேட்கின்றனவா என்பதே பெயர்ப்பலகையை விட முக்கியமானது.

வீட்டுப் பணிக்கு வெளிநாடு செல்லும் பெண்களுக்கு ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளை இருத்தலாகாது என்ற விதி 2013 இல் கொண்டுவரப்பட்டது. பொருளாதார நெருக்கடி நாட்டை வாட்டிய 2022 இல் அவ்வயதெல்லை இரண்டாகக் குறைக்கப்பட்டது. அடுப்பெரிய வேண்டுமென்பதற்காகப் புறப்படும் தாயை நாம் குறைகூறவில்லை. (தந்தையிடம் இவ்வாறான கேள்வி எதுவும் கேட்கப்படாததையும் கவனிக்க வேண்டும்.) ஆயினும், அம்மம்மாவிடமோ உம்மம்மாவிடமோ விடப்படும் இரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வாறு துணைநிற்பது என்று அம்முதியவளுக்குச் சொல்வதற்கு யார் இருக்கின்றனர்?

வசதியுள்ள வீடுகளிலோ வேறொரு குறை. கைத்தொலைபேசியைக் காட்டிச் சோறூட்டுவது வழக்கமாகிவிட்டது. இரண்டு வயதிற்கு முன்னர் திரை வேண்டாம், அதன் பின்னர் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணிநேரத்திற்கு மேற்படலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. திரை பேசும், ஆனால் குழந்தைக்குப் பதில் சொல்லாது.

முன்பள்ளிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிள்ளை எத்தனை எழுத்து எழுதுகிறது என்பதை வைத்தே பெற்றோர் முன்பள்ளியை மதிப்பிடுகின்றனர். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் மூன்று வயதிலேயே விழுந்துவிடுகிறது. மண்ணில் விளையாட வேண்டிய விரல்களில் பென்சிலைத் திணிக்கும் இவ்வவசரத்திற்கு, சொற்பக் கொடுப்பனவில் பணியாற்றும் ஆசிரியை ஈடுகொடுக்கத்தான் வேண்டியுள்ளது.

ஜமெய்க்காவில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்த வீட்டு வருகை, எம்மிடம் பல தசாப்தங்களாகவே இருந்துவருகிறது. மருத்துவமாது வீட்டுக்குச் செல்லும்போது தாயுடனும் குழந்தையுடனும் அமர்ந்து சிறிது நேரம் விளையாடிக் காட்டுவதற்குப் புதிய கட்டிடமோ இயந்திரமோ தேவையில்லை. அவருக்கு அதற்கான பயிற்சியும் நேரமும் வேண்டும். நேரம் கிடைக்க வேண்டுமாயின் அவரது பிரிவு நடந்து முடிக்கக்கூடிய அளவினதாக இருக்க வேண்டும்; பதிவேடுகளை நிரப்பும் சுமையும் குறைய வேண்டும். மாகாண சுகாதார அதிகாரிகள் இதனைத் தோட்டப் பிரிவுகளிலிருந்தே ஆரம்பிக்கலாம்.