டிப்ளோமா கையில், மூவெட் எங்கே?

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா தோட்டப்புற மாணவர்கள் பலர் சமூகக் கல்லூரி, போலிடெக்னிக் வழியாகப் பட்டப்படிப்பை எட்ட முயல்கின்றனர். தேர்ச்சிப் புள்ளி நன்றாக இருந்தும் சிலரது விண்ணப்பம் மொழித் தகுதியில் நின்றுவிடுகிறது.

அரசாங்கப் பல்கலைக்கழகத்திற்கு எஸ்.பி.எம். மலாய்மொழியில் கிரெடிட் வேண்டும். மூவெட் ஆங்கிலத் தேர்வு முடிவும் வேண்டும். எந்த பேண்ட் என்பது துறைக்குத் துறை மாறும்.

2021 முதல் கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 90 புள்ளி. முன்பு 15 விழுக்காடாக இருந்த பேச்சுப் பகுதி இப்போது 25 விழுக்காடு. ஆங்கிலம் பேச வாய்ப்பில்லாத தோட்டப்புற மாணவர் தடுமாறுவது இங்கேதான். நண்பர்கள் நால்வர் சேர்ந்து தினமும் பேசிப் பழகுங்கள்.

முடிவு 5 ஆண்டுகள் செல்லும். ஆகவே, மாணவர்களே, கடைசிப் பருவம்வரை காத்திராதீர்கள். இரண்டாம் ஆண்டிலேயே எழுதினால், பேண்ட் குறைந்தாலும் மீண்டும் எழுத அவகாசம் இருக்கும்.